ஹெட்டைக் கழற்றும்போது டைமிங் தவறாமல் இருக்க: ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்வு கசிகிறது, ஹெட் பேக்கிங் ஊதிவிட்டது, போர் தேய்ந்து புகை தள்ளுகிறது என்று ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்ற ஏதாவது ஒரு காரணம் வந்துவிடுகிறது. அப்போது பலரும் பயப்படுவது டைமிங்கைப் பற்றித்தான். இந்தப் பக்கத்தில் எடுத்துக்கொண்டிருப்பது 97.2 சிசி ஹீரோ ஹோண்டா இன்ஜின். 1985இல் சிடி 100 வண்டியோடு வந்து, 1994இல் ஸ்ப்ளெண்டரில் தொடர்ந்து, இன்றும் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருக்கும் அதே குடும்பம். படுத்த வாக்கில் சிலிண்டர், ஒரே கேம்ஷாஃப்ட், இரண்டு வால்வு, இடது பக்கம் டைமிங் செயின். ஹோண்டா கப் வண்டிகளின் அமைப்பிலிருந்து வந்தது என்பதால் அவற்றைப் பழகியவர்களுக்கும் இது கைக்கு வரும். புதிய மாடல்களில் குறிகளின் இடமும் போல்ட்களின் அமைப்பும் மாறியிருக்கலாம். அங்கே உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் முடிவு.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: டைமிங்கை ஹெட் கழற்றும் முன்பே வைத்துவிட வேண்டும். முன்னால் ஐந்து நிமிடம் கொடுத்தவருக்குப் பூட்டும்போது யோசிக்கவே எதுவும் இருக்காது.

டைமிங் என்று சொல்லும்போது எதை எதோடு பொருத்துகிறோம்?

பிஸ்டனால் சுழலும் கிராங்க்ஷாஃப்டை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டோடு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்பதை இந்த உறவுதான் தீர்மானிக்கிறது. இரண்டையும் இணைப்பது செயின். ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் கேம் ஸ்பிராக்கெட்டிலிருந்து செயினை விடுவித்தாக வேண்டும். உறவு அறுபடும் இடம் அதுதான்.

பிளக்கில் பொறி விழும் நேரம் இதில் சேராது. இந்த இன்ஜினில் பொறிக்கான சைகை கிராங்க்கின் முனையில் இருக்கும் மேக்னட்டிலிருந்து வருகிறது. செயினைத் தப்பாகப் போட்டாலும் பொறி தன் இடத்திலேயே விழும். வால்வுகள்தான் நேரம் தவறித் திறக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது “பொறி நன்றாக வருகிறதே, அப்படியானால் டைமிங் சரிதான்” என்று முடிவுக்கு வருபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எந்த நிலையில் வைத்துவிட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டும்?

கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் முடிவில், பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில். பட்டறைகளில் ‘டாப்பில் வைப்பது’ என்பார்கள்.

தொழிற்சாலை குறிகளை வைத்திருப்பது இந்த நிலைக்குத்தான் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நிலையில் கேம்ஷாஃப்டின் இரண்டு மூக்குகளும் (வால்வைத் திறக்கும் புடைப்புகள்) ராக்கரை, அதாவது கேமுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள நெம்புகோலை, விட்டு விலகி, சிலிண்டர் பக்கமாகத் திரும்பியிருக்கும். இரண்டு வால்வும் மூடியிருக்கும். வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் கேம்ஷாஃப்டின் மேல் துளியும் இருக்காது. ஸ்பிராக்கெட்டை எடுத்த பிறகும் கேம் சும்மா இருக்கும். வேறு நிலையில் கழற்றிப் பாருங்கள்: செயின் விடுபட்ட கணத்தில் ஸ்பிரிங் ராக்கரைத் தள்ள, கேம் ‘டக்’கென்று தானாகச் சுழன்று நிற்கும். எங்கே இருந்தது என்பது அதோடு போய்விடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வால்வுகள் மூடியிருப்பதால் கழற்றிய ஹெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாலும் வால்வுத் தலை வெளியே நீட்டிக்கொண்டு அடிபடாது.

‘டி’ குறியை எங்கே பார்ப்பது? இன்ஜினை எப்படிச் சுற்றுவது?

இடது பக்க மேக்னட் கவரில் இரண்டு மூடிகள் இருக்கும். நடுவில் உள்ள பெரிய மூடியைத் திறந்தால் மேக்னட்டைப் பிடித்திருக்கும் நட் தெரியும். மற்ற சிறிய மூடி, குறி பார்க்கும் ஜன்னல். பிளக்கைக் கழற்றிவிடுங்கள், காற்றழுத்தம் இல்லாமல் இன்ஜின் இலேசாகச் சுற்றும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். பாக்ஸ் ஸ்பானரை நட்டில் மாட்டி, இடது பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். வண்டி முன்னால் போகும்போது இன்ஜின் சுழலும் திசை அதுதான்.

ஜன்னலில் முதலில் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தும் அதற்கொரு கோடும் வரும். அது பொறி விழும் இடம். அதை அடுத்துத்தான் பிஸ்டன் உச்சியைக் காட்டும் ‘டி’ வரும். புதிதாகப் பழகுபவர்கள் எண்ணெய்க் கறையில் எழுத்து தெரியாமல் முதலில் வந்த கோட்டிலேயே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெட்ரோல் நனைத்த துணியால் மேக்னட்டின் விளிம்பைத் துடைத்து, எழுத்தைக் கண்ணால் படித்துவிட்டு நிறுத்துங்கள். ‘டி’யின் கோடு ஜன்னல் ஓரத்து வெட்டுக்குறியோடு நேராக நிற்க வேண்டும். கண்ணை நேர் எதிரே வைத்துப் பாருங்கள். சாய்ந்து பார்த்தால் கோடு நகர்ந்தது போலத் தோன்றும்.

குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்ய வேண்டாம். பின்னால் திருப்பும்போது செயினின் தொய்வு தப்பான பக்கம் சேர்ந்துகொள்ளும். இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கிச் சுற்றி வாருங்கள்.

பிளக் ஓட்டையில் ஸ்குரூடிரைவர் விட்டு, பிஸ்டன் மேலே வந்ததைப் பார்த்தால் போதாதா?

போதாது. இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. உச்சியிலிருந்து கிராங்க் 10 டிகிரி திரும்பினால்கூடப் பிஸ்டன் இறங்குவது அரை மில்லிமீட்டர்தான். உச்சிக்கு அருகே பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கையில் பிடித்த குச்சிக்கு அந்த அரை மில்லிமீட்டர் தெரியாது. உச்சி நெருங்குகிறது என்று அறிய அது உதவும். நிறுத்தும் இடத்தை ‘டி’ குறிதான் சொல்ல வேண்டும்.

இரும்பு ஸ்குரூடிரைவரைப் பிளக் ஓட்டையில் சாய்வாக விட்டு இன்ஜினைச் சுற்றுவதை நான் எங்கே பார்த்தாலும் தடுப்பேன். பிஸ்டன் ஏறும்போது அது சிக்கினால் அலுமினிய மரையும் போகும், பிஸ்டனின் தலையும் கீறும்.

‘டி’ குறி இரண்டு தடவை வருகிறதே. எது கம்ப்ரஷன் என்று எப்படித் தெரியும்?

கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டி’யைக் காட்டும். அதில் ஒன்று கம்ப்ரஷனின் முடிவு. மற்றது எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் இடம். இரண்டு டாப்பெட் மூடிகளையும் திறந்து ராக்கர்களை விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் இலேசாக ஆடினால் கம்ப்ரஷன். ஏதாவது ஒன்று இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி ‘டி’க்கு வாருங்கள்.

டாப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) ஏற்கெனவே இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால் கம்ப்ரஷனிலும் ஆட்டம் தெரியாமல் போகலாம். அப்போது இன்டேக் ராக்கரையே கவனித்தபடி சுற்றுங்கள். அது வால்வை அழுத்தி இறங்கி, மீண்டும் மேலே வந்து நின்ற பிறகு அடுத்து வரும் ‘டி’தான் உங்களுக்கு வேண்டியது. பிளக் ஓட்டையை விரலால் மூடிப் பார்ப்பதும் நல்ல வழி: கம்ப்ரஷனில் காற்று விரலைத் தள்ளும்.

கழற்றும் வரிசையைச் சொல்ல முடியுமா?

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு நட்டுகளைத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளையக்கூடும். எண்ணெயை வடித்துவிட்டு, கார்புரேட்டரையும் சைலன்சரையும் எடுத்த பிறகு, ஹெட்டின் இடது பக்க வட்ட மூடியைத் திறந்தால் கேம் ஸ்பிராக்கெட் தெரியும். அதன் முகத்தில் பொறித்த வட்டக்குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்குறிக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ‘டி’, வட்டக்குறி, ஆடும் ராக்கர்கள் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். அந்த நிலையில் அலைபேசியில் நேராக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செயினின் ஒரு கண்ணியிலும் அது உட்கார்ந்திருக்கும் பல்லிலும் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள்.

மூன்றும் ஒத்துப்போகவில்லையா? அது மிக முக்கியமான தகவல். முன்பு யாரோ தப்பாகப் போட்டிருக்கலாம், அல்லது செயின் பல் தாண்டியிருக்கலாம். அந்த விலகலையும் படமெடுத்து வையுங்கள். பூட்டும்போது பழைய பெயின்ட் பொட்டுக்கு வைக்காமல் குறிகளுக்கு வைக்க வேண்டும்.

அடுத்து, செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனர். கிராங்க்கேஸின் அடியில் உள்ள அதன் போல்ட்டைத் தளர்த்தும்போது ஸ்பிரிங்கும் தள்ளுகோலும் கொஞ்சம் எண்ணெயும் கீழே வரும். ஒரு தட்டு வைத்துப் பிடியுங்கள். இப்போது செயின் தளரும். ஸ்பிராக்கெட் போல்ட்களைக் கழற்றும் முன், செயின் ஓடும் குழியின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அங்கே தவறி விழும் சின்ன போல்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போகும். அதை எடுக்க மேக்னட் கவரைத் திறக்க நேரிடலாம். துணி திணிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஸ்பிராக்கெட்டைச் செயினிலிருந்து விடுவித்ததும் செயினில் ஒரு கம்பியைக் கோத்து வெளியே எங்காவது கட்டுங்கள். துணியை எடுக்க மறக்காதீர்கள்.

கடைசியாக ஹெட் நட்டுகள். முதலில் பக்கவாட்டில் உள்ள சிறிய போல்ட்டைக் கவனித்துக் கழற்றுங்கள். அதை மறந்துவிட்டு “ஹெட் ஒட்டிக்கொண்டது” என்று நெம்புபவர்கள் உண்டு. நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றிலும் கால் திருப்பமாகத் தளர்த்துங்கள். எந்த நட், எந்த வாஷர் எங்கே இருந்தது என்பதை அட்டையில் குத்தி வையுங்கள். ஸ்டட் (நட் ஏறும் நீண்ட மரைக்கம்பி) ஓடும் ஓட்டையில் ஒன்றின் வழியாகத்தான் எண்ணெய் மேலே ஏறுகிறது. அந்த இடத்து வாஷர் இடம் மாறினால் பிறகு எண்ணெய் கசியும். ஹெட் வரவில்லையென்றால் மரச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். இரண்டு முகங்களுக்கு நடுவே ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் பேக்கிங் உட்காரும் பரப்பு கீறிவிடும்.

செயின் உள்ளே விழுந்துவிட்டது. என்ன செய்வது?

கிராங்க்கைச் சுற்றாதீர்கள். அதுதான் முதல் வேலை. தளர்ந்த செயின் கிராங்க்கின் சிறிய ஸ்பிராக்கெட் அருகே மடிந்து கிடக்கும். சுற்றினால் பல்லுக்கும் கேஸுக்கும் நடுவே சிக்கி, செயின் கண்ணியோ அலுமினியமோ உடையும். முனை வளைத்த கம்பியால் அல்லது காந்தக் குச்சியால் மேலே இழுத்துக் கட்டுங்கள். இழுத்துப் பிடித்தபடி இலேசாக ஆட்டிப் பார்த்தால் பல்லில் உட்கார்ந்துவிட்டது கைக்குத் தெரியும்.

கிராங்க் ஸ்பிராக்கெட்டில் செயின் எந்தப் பல்லில் உட்கார்ந்தாலும் கவலையில்லை. டைமிங்கைத் தீர்மானிப்பது கிராங்க் எங்கே நிற்கிறது, கேம் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே. நடுவில் எந்தக் கண்ணி என்பது அல்ல. பெயின்ட் பொட்டு ஒத்துப்போகாமல் போகும், அவ்வளவுதான். அப்போது பொட்டை விட்டுவிட்டுக் குறிகளைப் பின்பற்றுங்கள்.

ஹெட் வெளியே இருக்கும்போது கிராங்க் ஒரு சுற்று சுற்றிவிட்டது. இப்போது எது கம்ப்ரஷன் என்றே தெரியவில்லையே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பயம் தேவையில்லாத கேள்வியும் இதுதான். கம்ப்ரஷனா எக்ஸாஸ்டா என்பது கிராங்க்குக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது கேம். கேமைக் குறிக்கு நேராக, மூக்குகள் சிலிண்டர் பக்கம் பார்க்க வைத்து, கிராங்க்கை எந்தச் சுற்றின் ‘டி’யில் வைத்தாலும் அந்த ‘டி’ கம்ப்ரஷனாகிவிடும். பொறியும் ஒவ்வொரு சுற்றிலும் விழுகிறது என்பதால் அந்தப் பக்கமும் குழப்பம் இல்லை.

சிலிண்டரைத் துடைக்கவோ பிஸ்டன் கரியைச் சுரண்டவோ கிராங்க்கைச் சுற்ற வேண்டியிருந்தால், ஒரு கையால் செயினை மேலே இழுத்துப் பிடித்தபடி மெல்லச் சுற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

பழைய பேக்கிங் துணுக்குகளை முழுமையாக எடுத்துவிட்டு, புதிய பேக்கிங்கும் ஓ-ரிங்குகளும் போடுங்கள். ஹெட்டின் பரப்பில் நேர்கோலை வைத்துக் குறுக்காகவும் பாருங்கள், 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழைந்தால் பரப்பைச் சமன் செய்யக் கொடுப்பது நல்லது. ஹெட்டை இடம் பிசகாமல் நிறுத்தும் டவல் பின்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹெட்டை உட்கார வைத்து, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று கட்டமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இவை சிறிய ஸ்டட்கள்; கைபலத்தில் இறுக்கினால் கிராங்க்கேஸ் மரை உருவிவிடும்.

பிறகு ‘டி’யை மறுபடி சரிபார்த்துவிட்டு, ஸ்பிராக்கெட்டைச் செயினுக்குள் நுழைத்து, வட்டக்குறி வெட்டுக்குறிக்கு வருமாறு வையுங்கள். இங்கே கண் வைக்க வேண்டியது தொய்வு. கிராங்க் செயினை இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் இருக்க வேண்டும். இழுக்கும் பக்கத்தில் தொய்வை விட்டுவிட்டு, குறி நேராக இருக்கிறது என்று போல்ட் போட்டால், டென்ஷனர் இறுகியதும் குறி நகர்ந்துவிடும். போல்ட்களைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, டென்ஷனரைப் பூட்டுங்கள்.

இப்போது பிளக் இல்லாமலேயே, நட்டில் ஸ்பானர் வைத்து முன்னோக்கி இரண்டு முழுச் சுற்று. கிக்கரும் செல்ஃபும் கூடவே கூடாது. நடுவில் கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம், அழுத்தினால் வால்வு வளையும். தடையின்றிச் சுற்றி மறுபடி ‘டி’க்கு வந்தபோது வட்டக்குறி தன் இடத்தில் நின்றால் ஸ்பிராக்கெட் போல்ட்களை இறுக்கலாம்.

வட்டக்குறி மிகச் சரியாக நேரே வரவில்லை. ஒரு பல் தவறா?

அளந்து பாருங்கள். ஒரு பல் தவறினால் ஸ்பிராக்கெட்டின் விளிம்பில் குறி சுமார் 6 மி.மீ. தள்ளி நிற்கும், அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் விலகல் என்றால் பல் சரிதான், செயின் நீண்டிருக்கிறது. நீண்ட செயினில் கேம் எப்போதும் பின்தங்கும், அதாவது வட்டக்குறி வெட்டுக்குறியை எட்டாமல் நிற்கும். எந்தப் பல்லில் மாற்றிப் போட்டாலும் குறி இரண்டுக்கும் நடுவிலேயே நின்றால், முதலில் ‘டி’யை மறுபடி பாருங்கள். ‘டி’ சரியாக இருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஹெட் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுவதுதான் மிச்சம். அடுத்த மாதம் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

ஒரு பல் தவறிப் பூட்டிவிட்டால் என்ன தெரியும்?

28 பல் கொண்ட கேம் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் என்பது கேமில் கிட்டத்தட்ட 13 டிகிரி, கிராங்க்கில் அதன் இரு மடங்கு. பெரிய பிழை. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு கார்புரேட்டர் வழியாகவே திரும்பித் துப்பும், கிக்கர் இலேசாக இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுவை இருக்காது. முன்னேறிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் வேகம் ஏறும்போது மூச்சு வாங்கும். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்ப்பதற்கு முன், ஹெட் வேலை பார்த்த வண்டி என்றால் இடது பக்க வட்ட மூடியைத் திறந்து குறியைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிராக்கெட்டில் குறியே தெரியவில்லை.

கிராங்க்கை ‘டி’யில் வையுங்கள். கேமின் இரண்டு மூக்குகளும் ராக்கரை விட்டுச் சமமாக விலகியிருக்குமாறு வைத்துத் தற்காலிகமாகப் பூட்டுங்கள். பிறகு கிராங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றி அடுத்த ‘டி’க்கு வாருங்கள். இங்கே எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயிலும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிய நிலையிலும் இருக்கும். ‘டி’யிலிருந்து சற்று முன்னே சுற்றினால் இன்டேக் ராக்கர் உடனே அசைய வேண்டும், சற்றுப் பின்னே வந்தால் எக்ஸாஸ்ட் ராக்கர் அசைய வேண்டும். ஒன்று உடனேயும் மற்றது வெகுநேரம் கழித்தும் அசைந்தால் பல் தவறியிருக்கிறது. சரியான இடம் கிடைத்ததும் உளியால் நீங்களே ஒரு குறி பதித்துவிடுங்கள். அடுத்து திறப்பவர் உங்களை வாழ்த்துவார்.

டாப்பெட் எப்போது வைப்பது?

ஹெட் நட்டுகளை முழுதாக இறுக்கி, டைமிங்கைச் சரிபார்த்த பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷன் ‘டி’யில். நட்டை இறுக்கும் முன் வைத்த அளவு நிற்காது. வால்வைத் தேய்த்து உட்கார வைத்திருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

காருக்கும் இதே முறையா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மூன்று, நான்கு சிலிண்டர் இன்ஜினில் எல்லா வால்வும் ஒரே நேரத்தில் மூடியிருக்கும் நிலை கிடையாது. ஏதாவது ஒரு ஸ்பிரிங் கேமை அழுத்திக்கொண்டே இருக்கும். செயினையோ பெல்ட்டையோ எடுத்ததும் கேம் துள்ளித் திரும்பக்கூடும், அதனால் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். பழைய மாருதி 800 கார்புரேட்டர் இன்ஜினில் பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் கேம்ஷாஃப்டிலிருந்தே சுழல்கிறது. அங்கே பெல்ட் ஒரு பல் தாண்டினால் வால்வோடு பொறியும் சேர்ந்து தவறும். எனவே முதல் சிலிண்டரை டாப்பில் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டரில் ஹெட்டை உட்கார வைக்கும்போது கிராங்க்கை உச்சியிலிருந்து 90 டிகிரி பின்னால் வைத்தால் நான்கு பிஸ்டனும் நடுவழியில் நிற்கும், நீட்டிய வால்வுகள் எதிலும் படாது. பிறகு கேமைக் குறிக்குக் கொண்டுவந்துவிட்டு, கிராங்க்கை டாப்புக்குத் திருப்பலாம்.

ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட் 1.3 மல்டிஜெட் போன்ற இன்ஜின்களுக்குக் கேமையும் கிராங்க்கையும் பூட்டும் தனிக் கருவிகள் உண்டு. அந்தக் கருவி கையில் இல்லாமல் பெயின்ட் பொட்டை நம்பிச் செயினைக் கழற்ற வேண்டாம். வாடகைக்காவது வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.